உட்டாயா என்றால் தூக்கினேன்

ஜூன் 12, புதன்

இந்த டைரி பொங்கலுக்கு நூல் ஏஜென்ட் குடுத்தது. ஆறு மாசமா சிலிண்டர் மாத்துன தேதியைத் தவிர இதுல ஒண்ணும் எழுதலை. இன்னைக்கு என்னமோ எழுதி வைக்கணும்னு இருக்குது.

மத்தியானம் டைம் ஆபீஸ்ல ரெண்டாவது ஷிப்டுக்கு வருகை போட்டுட்டு இருந்தேன். ஸ்டேஷன்ல இருந்து போன். "இந்தி மேடம், ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க." எம் பேரு கமலவேணி. பதினேழு வருசம் நாக்பூர்ல லாரி புக்கிங் ஆபீசுக்குப் பின்னாடி குடியிருந்த பாவத்துக்கு இந்த ஊருல எனக்கு அந்தப் பேரு. வடக்கத்திப் பசங்க எவன் எதுல மாட்டுனாலும் பேசிச் சொல்றதுக்கு என்னையத்தான் கூப்பிடுவாங்க. மேனேஜரும் "போயிட்டு வந்துருங்க மேடம், ஸ்டேஷனைப் பகைச்சுக்க முடியுமா"ன்னு அனுப்பி வெச்சிருவார்.

போய்ப் பார்த்தா நம்ம மில்லு ஆளு. சுபல். ஒரிசாக்காரன், இருபத்தி நாலு வயசு, ஸ்பின்னிங்ல இருக்கறான். ஒரு கண்ணு மூடியே போச்சு, சட்டை கிழிஞ்சு தொங்குது. பிள்ளையார் கோயில் வீதியில, எங்களுக்குத் தெரிஞ்ச சுகந்தியோட பொண்ணு மிதுனாவை, நாலு வயசுக் குழந்தை, அவன் தூக்கிட்டுப் போனானாம். ஜனம் பிடிச்சு அடிச்சு ஒப்படைச்சிருக்குது. ஒரு வாரமாவே எல்லார் போன்லயும் பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கான்னுதான் ஓடுது.

இன்ஸ்பெக்டர் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். அவன், "பச்சி கோ உட்டாயா"ன்னான். குழந்தையைத் தூக்கினேன். அதைத்தான் சொன்னேன். அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். ஸ்டேஷன் ரைட்டர் எழுதினார், நான் மொழிபெயர்த்ததுன்னு அடியில கையெழுத்துப் போட்டேன், அஞ்சு மணிக்குள்ள மில்லுக்கு வந்துட்டேன்.

காலையில ஆட்டி வெச்ச மாவு பொங்கி வழிஞ்சு மேடையெல்லாம் ஒரே கோலம். துடைச்சே இடுப்பு போச்சு.

ஜூன் 13, வியாழன்

பேப்பர்ல வந்திருச்சு. "குழந்தை கடத்த முயன்ற வடமாநில வாலிபர் சிக்கினார்." இவர் எனக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டினார். இவர்னா எங்க வீட்டுக்காரர். நாக்பூர்ல இருந்து வந்ததுல இருந்து வீட்டுலதான், நகர் நலச் சங்கத்துக்குச் செயலாளர், சங்க வாட்ஸப் குரூப்புக்கு எசமான். "நம்ம வேணிதான் வாக்குமூலம் மொழிபெயர்த்தது"ன்னு குரூப்புல போட்டிருக்கார். முப்பத்தாறு பேரு கைகூப்பியிருக்காங்க. பேப்பர்ல வந்த போட்டோவுல சுபல் சட்டைப் பையில நம்ம மில்லுப் பேரு தெளிவாத் தெரியுது.

டேபிள்ல அவனோட லீவு லெட்டர் கெடக்குது. இருபதாம் தேதில இருந்து பதினஞ்சு நாள். அம்மாவுக்கு நெஞ்சுல நீர், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு பக்கத்துல இருந்தவன் எழுதிக் குடுத்து இவன் கையெழுத்துப் போட்டது.

வருகைப் பதிவுல ஆப்சென்ட் போடணும். லீவுன்னு போட்டேன். பத்து நாள் சேர்ந்தாப்புல ஆப்சென்ட் ஆனா பேரை அடிச்சிருவாங்க.

ஜூன் 16, ஞாயிறு

மாவு மில்லுல சுகந்தியைப் பார்த்தேன். மிதுனா கூட வந்திருந்தா. வலது முழங்கால்ல பொருக்குத் தட்டின காயம்.

"விழுந்துட்டாளா கண்ணு?"ன்னேன்.

"அன்னைக்குத்தானுங்க்கா. அவன் தூக்கிட்டு ஓடும்போது கீழ விட்டுட்டான் போல. ஏம் பாப்பா, அந்த மாமா உன்னையத் தூக்குனான்ல?"

"தூக்குனாங்க"ன்னுச்சு குழந்தை.

"பாருங்க. ஸ்டேஷன்லயும் இதையேதான் சொன்னா. அதைவிடக் கேளுங்க்கா, முழங்கால்ல பச்சையா என்னத்தையோ தடவியிருந்தான். மயக்க மருந்தாம், போலீஸ்ல சொன்னாங்க. நான் டெட்டால் ஊத்திக் கழுவிட்டேன். ஒரே பச்சிலை நாத்தம்."

கம்பு மாவு அரைச்சு வாங்கிட்டு வந்தேன். வர்ற வழியில பிள்ளையார் கோயில் வீதியில சாக்கடை ஓரமா நின்னேன். சிலாப் ஒண்ணு உடைஞ்சு கம்பி நீட்டிட்டு இருக்குது. அதுக்குப் பக்கத்துலயே வெட்டுக்காயப் பூண்டு, மஞ்சப் பூவோட, தள தளன்னு. சின்ன வயசுல நாங்க விழுந்தா அதைக் கசக்கித்தான் காயத்துல பிழிஞ்சு விடுவாங்க.

ஒரிசாவுலயும் அந்தச் செடி இருக்கும்தானே.

மாவு கொஞ்சம் நறநறன்னு அரைச்சிருக்கான், கூழுக்கு ஆகாது.

ஜூன் 21, வெள்ளி

சுபலோட அம்மா போன் பண்ணுது. மில்லு ஹாஸ்டல்ல அவன்கூட இருக்கற ஒரிசாப் பையன் ரோஹித் எந்நம்பரைக் குடுத்திருக்கான். சுபலுக்கு மூணு வயசு இருக்கும்போதே அப்பன் செத்துட்டானாம், இந்த அம்மா கல்லுடைச்சு வளர்த்திருக்குது. ஜெயில்ங்கறதைச் சொல்லலை. மில்லுல வேலை ஜாஸ்தி, லீவு தள்ளிப் போச்சுன்னு பசங்க சொல்லி வெச்சிருக்காங்க. நானும் அதையே சொன்னேன். அந்தம்மாவுக்கு இந்தி அரைகுறை. மூச்சு வாங்கி வாங்கி ஒரே கேள்விதான், "கப் ஆயேகா?" எப்ப வருவான்.

"கல்"னேன்.

அவங்க பாஷையில நேத்துக்கும் கல்தான், நாளைக்கும் கல்தான். சொல்றதுக்கு வசதியான வார்த்தை.

ஜூன் 28, வெள்ளி

கல்யாண மண்டபத்துல பொதுமக்கள் பாதுகாப்புக் கூட்டம். இவர்தான் ஏற்பாடு. காபி, மிச்சர் எல்லாம் உண்டு. இன்ஸ்பெக்டர் நல்லாப் பேசினார். கெட்ட மனுசன்னு அவரைச் சொல்ல மாட்டேன். கண்ணுக்குக் கீழ கறுத்துப் போய், ரெண்டு ஆள் வேலையை ஒரு ஆளாப் பார்க்கறவர்.

"நம்ம லிமிட்ல போன வருசம் அறுபத்திரெண்டு கேஸ். அதுல முப்பத்தி நாலு வெளிமாநிலத்துக்காரங்க மேல. நான் யாரையும் குறை சொல்லலைங்க. எண்ணிக்கைதான் பேசுது"ன்னார். மண்டபமே உச்சுக் கொட்டுச்சு.

வீட்டுக்கு வந்தும் இவர் வாய் ஓயலை. "பாதிக்கு மேல, வேணி. பாதிக்கு மேல."

எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. மில்லு மில்லா எத்தனை ஆளுன்னு டைம் ஆபீஸ்காரிக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? "ஏனுங்க, இந்த ஊருல பதினெட்டுல இருந்து முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் இருக்கற ஆம்பளைங்களை எண்ணினா பத்துக்கு ஏழு பேரு வடக்க இருந்து வந்தவங்க. அடிதடி, திருட்டு எல்லாம் அந்த வயசுதான் பண்ணும். அப்ப அறுபத்திரெண்டுல நாற்பத்தி மூணாவது அவங்க மேல இருக்கணும். முப்பத்தி நாலுதான் இருக்குது. அவங்க நம்மளைவிட ஒழுங்கா இருக்காங்கன்னு அர்த்தம்."

"இது ஒரு வக்காலத்தா?"

"இன்னும் கேளுங்க. அந்த முப்பத்தி நாலுல பதினொண்ணுக்கு நான் போய்ப் பேசியிருக்கேன். அதுல ஏழு, சும்மா பஸ் ஸ்டாண்டுல நின்னவனைச் சந்தேகத்துல கூட்டிட்டு வந்தது. ஒண்ணும் கிடைக்காம விட்டாங்க. விட்டாலும் எண்ணிக்கையில ஏத்தியாச்சு."

"போலீசு காரணம் இல்லாமயா பிடிப்பான்?"

"உங்க அக்கா பையன் போன தீபாவளிக்குக் குடிச்சுட்டு வண்டியை விட்டு ஒரு பெரியவர் காலை ஒடிச்சானே. ஸ்டேஷன்லயே உட்கார்ந்து பேசி முடிச்சீங்களே. அது அறுபத்திரெண்டுல எத்தனாவதுங்க?"

இவர் டிவியைப் போட்டுக்கிட்டார். நான் ஜெயிச்சுட்டேன்னு ஒரு பெருமை. பாத்திரம் கழுவும்போதுதான் உறைச்சுது, இந்த வருசக் கணக்குல சுபலும் ஒருத்தன். அவனை ஏத்திவிட்ட காகிதத்துல என் கையெழுத்து இருக்குது.

ஜூலை 3, புதன்

அன்னைக்கு ஸ்டேஷன்ல அவன் சொன்னதை முழுசா எழுதி வைக்கறேன். மறந்து போயிரும்.

"பச்சி நாலி மே கிர் கயி. மை உட்டாயா. பத்தா லகாயா. உஸ்கா கர் லேகே ஜாதா தா." குழந்தை சாக்கடையில விழுந்துச்சு. நான் தூக்கினேன். இலை வெச்சேன். அதோட வீட்டுக்குக் கொண்டுட்டுப் போயிட்டு இருந்தேன்.

அழுதுக்கிட்டே, உதடு வீங்கி, பாதி ஒரியா கலந்து சொன்னான். இன்ஸ்பெக்டர் "சுருக்கமாச் சொல்லுங்க மேடம், வெளிய ஜனம் நிக்குது"ன்னார். நான் சுருக்கினேன். "குழந்தையைத் தூக்கினானாம். வீட்டுக்குக் கொண்டு போனானாம்."

தமிழ்ல தூக்கினேன்னா கையில எடுத்தேன்னும் ஆகும், கடத்தினேன்னும் ஆகும். போலீஸ் ஆளைப் பிடிச்சுட்டு வந்தாக்கூட தூக்கிட்டாங்கன்னுதான் சொல்றோம். இதுல என் தப்புன்னு என்ன இருக்குது? இருக்கற வார்த்தையைத்தானே சொல்ல முடியும். அதோட வீட்டுக்குன்னு சொல்லாம விட்டது ஒண்ணுதான். நாம பேசும்போது வீட்டுக்குன்னுதானே சொல்றோம், யாரு வீட்டுக்குன்னா ஒவ்வொருக்காவும் சொல்றோம்.

ரைட்டர் எழுதினதை நான் படிக்கலை. கண்ணாடி மில்லுல இருந்துச்சு.

தண்ணி இன்னைக்கும் வரலை. எட்டு நாளாச்சு.

ஜூலை 5, வெள்ளி

அந்தம்மா போன். கல்.

ஜூலை 9, செவ்வாய்

மேனேஜர்கிட்ட சொல்லிப் பார்த்தேன். "நம்ம பையன் சார், நான் சொன்னதுல கொஞ்சம் முன்னப்பின்ன ஆயிருச்சு, போய்ச் சொல்லிட்டு வரட்டுமா"ன்னேன். அவர் பேனாவை மூடி வெச்சார். "மேடம், அவன் வெளிய வருவான், போயிருவான். நீங்க இங்கதான் இருக்கோணும். தப்பாச் சொன்னேன்னு எழுதிக் குடுத்தா உங்க மேலயே திரும்புமுங்க. நமக்கு எதுக்குங்க?"

சாயங்காலம் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். படி ஏறினேன். உள்ள இன்ஸ்பெக்டர் யாரோ ஒரு கிழவிகிட்ட பொறுமையாப் பேசிட்டு இருந்தார். முட்டி வலி எடுத்துச்சு. திரும்பிட்டேன். வர்ற வழியில தைலம் வாங்கினேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஞாயித்துக்கிழமையும் அதுவுமா ரோஹித் வீட்டு வாசல்ல வந்து நின்னான். செருப்பைக் கழட்டிட்டு, உள்ள வரலை. சுபலோட அம்மா வியாழக்கிழமையே போயிருச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஆளில்லாம வீட்டுலயேதான் கிடந்துச்சாம். கொள்ளி வைக்க மகன் இல்லாம பங்காளி யாரோ வெச்சிருக்கான்.

மூணு நாளா போன் வரலைன்னு எனக்கே தெரியும். நிம்மதியா இருக்குதுன்னு நினைச்சுட்டு இருந்தேன். அதை இங்க எழுதாம விட்டா இந்த டைரி எதுக்கு.

"யாரு அவன்? எதுக்கு வந்தான்?"ன்னு இவர் உள்ள இருந்து கேட்டார்.

ஒம்பதாம் தேதி அந்தப் படியில நிக்காம உள்ள போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பார்க்கறேன். ரெண்டு நாள்ல வெளிய வந்திருப்பானான்னா வந்திருக்க மாட்டான். பதிமூணாம் தேதியே போயிருந்தா? பதினாறாம் தேதி, அந்தச் செடியைப் பார்த்த அன்னைக்கே போயிருந்தா?

ஜூலை 15, திங்கள்

மில்லுக்கு லீவு சொல்லிட்டு கோர்ட்டு வளாகத்துக்குப் போனேன். இலவசச் சட்ட உதவியில நஸ்ரீன்னு ஒரு வக்கீலம்மா. எம்பொண்ணு இருந்திருந்தா அந்த வயசு இருக்கும். எல்லாத்தையும் கேட்டுட்டு, "இதை மாஜிஸ்ட்ரேட் முன்னாடி வந்து சொல்வீங்களா, இல்லை எங்கிட்ட மட்டும்தானா?"ன்னு கேட்டாங்க.

"சொல்றேனுங்க."

"குழந்தையோட அம்மாவும் சொன்னா நல்லது."

பஸ்ஸுல உட்கார்ந்ததும் அழுதேன். கண்டக்டர் சீட்டைக் குடுத்துட்டுப் போயிட்டார்.

ஜூலை 17, புதன்

சுகந்தி வீட்டுக்குப் போனேன். கையோட வெட்டுக்காயப் பூண்டு ஒரு பிடி பறிச்சுட்டுப் போய் அவ முன்னாடியே கசக்கி மூக்குகிட்ட நீட்டினேன். "இந்த நாத்தமா பாரு."

மோந்து பார்த்தா. மூஞ்சி மாறிப் போச்சு.

மிதுனாவை மடியில வெச்சுக்கிட்டு நான் கேட்டேன். தூக்குனாங்களாங்கற கேள்வியைக் கேட்கலை. "கண்ணு, நீ எப்படி விழுந்தே?" "நானே விழுந்தேன். கம்பி குத்துச்சு." "அப்புறம்?" "மாமா இலை வெச்சாங்க. எங்க வீடு எதுன்னு கேட்டாங்க. நான் கை காட்டினேன். அப்புறம் எல்லாரும் மாமாவை அடிச்சாங்க."

சுகந்தி சேலைத் தலைப்பை வாயில வெச்சு அழுத்திக்கிட்டா. "என்னைய ஒருத்தரும் இப்படிக் கேட்கச் சொல்லலையேக்கா"ன்னா.

ஜூலை 20, சனி

ஜெயிலுக்குப் போனேன். வலைக்கம்பிக்கு அந்தப்பக்கம் சுபல். கண்ணு சரியாயிருச்சு, ஆள் பாதியாப் போயிட்டான். என்னையப் பார்த்ததும் கும்பிட்டான். என்னைய தீதின்னுதான் கூப்பிடுவான், அக்கான்னு அர்த்தம். "தீதி, மா கைஸி ஹை?" அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்கறான்.

நாக்பூர்ல பதினேழு வருசம் பேசின இந்தியில ஒரு வார்த்தை வரலை.

அப்புறம் சொன்னேன். அவன் கத்தலை. கம்பியைப் பிடிச்சிருந்த கையை எடுத்துக் கீழ போட்டான், அவ்வளவுதான். என்னைக்குன்னு கேட்டான். பதினொண்ணாம் தேதின்னேன். விரல் விட்டு எண்ணினான். ஒரிசாவுல பத்தாம் நாள் காரியமாம், இன்னைக்குத்தான். தலையை மழிச்சுக்கணும், இங்க பிளேடு தர மாட்டாங்கன்னான்.

வெளிய வந்து பக்கத்துல இருந்த கடையில தண்ணி வாங்கிக் குடிச்சேன்.

ஜூலை 21, ஞாயிறு

இவருக்கு விசயம் தெரிஞ்சு போச்சு. கோர்ட்டுல ஏறினா சங்கத்துல எந்த மூஞ்சியோட உட்காருவேன்னு ஒரே சத்தம். "நாக்பூர்ல பக்கத்து வீட்டுல குக்கர் வெயிட்டு காணாமப் போனா முதல்ல எங்க வந்து எட்டிப் பார்த்தாங்க? மதராசி வீட்டுக்குத்தானே?"ன்னு கேட்டேன்.

"அது வேற"ன்னார்.

"எப்படி வேற?"

"அந்த வெயிட்டு அவங்க சிங்க்குலயேதான் கெடந்துச்சு"ன்னார், பேப்பருக்குப் பின்னாடி இருந்துக்கிட்டே.

ஜூலை 26, வெள்ளி

கோர்ட்டு. பழுப்புச் சேலை கட்டிட்டுப் போனேன்.

சுகந்தி நல்லாச் சொன்னா. அப்புறம் என்னையக் கூப்பிட்டாங்க. சுபல் அந்தப் பக்கம் ரெண்டு போலீசுக்கு நடுவுல நின்னான்.

மாஜிஸ்ட்ரேட் பொம்பளை. கண்ணாடியை இறக்கிட்டுக் கேட்டாங்க: "எனது அறைக்குக் கொண்டு சென்றேன்னு இந்த வாக்குமூலத்துல எழுதியிருக்குதே. வீட்டுக்குன்னுதான் நீங்க சொன்னதாச் சொல்றீங்க. அறைன்னு போலீசா எழுதிக்கிட்டாங்களா?"

ஆமான்னு சொல்லியிருக்கலாம். வக்கீலம்மாகூட அப்படித்தான் எதிர்பார்த்தாங்க. இந்த டைரியிலகூட நான் அப்படித்தான் விட்டு வெச்சிருந்தேன்.

"இல்லீங்க. யாரு வீட்டுக்குன்னு இன்ஸ்பெக்டர் எங்கிட்ட கேட்டார். நான் அவன்கிட்ட திருப்பிக் கேட்கலை. அவன் ரூமுக்குத்தானுங்க இருக்கும்னு நானாச் சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அன்னைக்குக் காலையிலதானுங்க பிள்ளை பிடிக்கிறவங்க பத்தி வந்த வீடியோவை எங்க தங்கச்சிக்கு அனுப்பியிருந்தேன். மனசுல அதுதான் இருந்துச்சு. அவனைப் பார்த்ததும் இவன்தான்னு நினைச்சுட்டேன். தினமும் எங்கிட்ட வருகை போட்டுட்டுப் போற பையன்."

சுபல் எம்மூஞ்சியையே பார்த்துட்டு நின்னான். மாஜிஸ்ட்ரேட் "இவங்க சொன்னதை அந்தப் பையனுக்கு யாராவது மொழிபெயர்த்துச் சொல்லுங்க"ன்னாங்க. எல்லாரும் சுத்திமுத்திப் பார்த்தாங்க. அங்க இந்தி தெரிஞ்சவ நான் ஒருத்திதான்.

"நீங்களே சொல்லிருங்க"ன்னாங்க.

நான் அவன்கிட்ட திரும்பி, "சீக்கிரம் விட்டுருவாங்க தம்பி, தைரியமா இரு"ன்னு இந்தியில சொன்னேன். அதை மட்டும்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஜாமீன் ஆயிருச்சு. ஐம்பத்தோரு நாள். தினம் காலையில பத்து மணிக்கு ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும், ஊருக்குப் போகக் கூடாது.

வருகைப் பதிவுல ஐம்பத்தோரு லீவு. மேனேஜர் பார்த்தார். அடுத்த பக்கம் திருப்பினார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு நோம்பி. வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன். ஒரு டப்பாவுல போட்டு ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போனேன். சுபல் தலையை மழிச்சிருந்தான். வாங்கி வெச்சுக்கிட்டான், சாப்பிடலை. கோர்ட்டுல சொன்னதை இவன்கிட்ட சொல்லிரலாம்னுதான் போனேன். துணி காயப் போட்டுட்டு இருந்தான், கூட நாலு பசங்க இருந்தாங்க. இன்னொரு நாள் பார்த்துக்கலாம்னு வந்துட்டேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு அனுப்பினார். கேஸை 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்'னு முடிச்சுட்டாங்களாம். தகவல் தப்புன்னு அர்த்தம். இனி கையெழுத்து வேண்டாம், ஊருக்குப் போலாம்.

"சந்தோசமுங்க. அப்ப இந்த வருச எண்ணிக்கையில இருந்து எடுத்துருவீங்கல்ல?"

அவர் சிரிக்கலை, கோபப்படவும் இல்லை. "பதிவான கேஸு பதிவானதுதானுங்க மேடம். எப்படி முடிஞ்சுதுங்கறது வேற கட்டத்துல வரும்."

"கூட்டத்துல அந்தக் கட்டத்தையும் படிப்பீங்களா?"

"யாரும் கேட்கறதில்லைங்களே"ன்னார். அப்புறம் டீ சொல்லட்டுமான்னு கேட்டார். வேண்டாம்னுட்டேன். இனிமேல் இந்தி பேச என்னையக் கூப்பிட்டா, பிடிச்சுட்டு வந்தவன் சொல்றதை முழுசா எழுதறதுன்னா வர்றேன், இல்லைன்னா வேற ஆளைப் பார்த்துக்குங்கன்னேன். சரிங்கன்னார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

சுபல் ஊருக்குப் போயிட்டான். இனி வர மாட்டான்.

மத்தியானம் மில்லு கேட்டுக்கு எதிர்ல பஸ் ஸ்டாப்புல நின்னோம். ஒரு பை, ஒரு பக்கெட்டு, அதுக்குள்ள அவன் அம்மாவுக்கு வாங்கி வெச்ச பச்சைக் கலர் சால்வை. தலையில முடி அரை விரல் வளர்ந்திருக்குது. சுகந்தியும் வந்தா, மிதுனாவைக் கூட்டிட்டு. கையில ஒரு பிஸ்கட் பாக்கெட்டு, மாமாவுக்குக் குடுக்கறதுக்கு. குழந்தை ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்தே எங்களைப் பார்த்துட்டு அம்மா கையை உதறிட்டு ஓடி வந்துச்சு. நல்லவேளை வண்டி எதுவும் வரலை. அவன் காலடிக்கு ரெண்டடி முன்னாடி தடுக்கி, குப்புற விழுந்துச்சு. அதே முழங்கால். ஓன்னு அழுகை.

அவனுக்குத்தான் பக்கம். குனிஞ்சா எட்டும். அவன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு ஒரு அடி பின்னாடி போனான்.

சுகந்தி ஓடி வந்துக்கிட்டே, "தூக்குங்க தம்பி, தூக்குங்க"ன்னா. நானும், "உட்டா லோ, குச் நஹி ஹோகா"ன்னேன். தூக்கிக்கோ, ஒண்ணும் ஆகாது. அவன் கை முன்னாடி வரவே இல்லை. பின்னாடி ஒரு கை இன்னொரு கையை எவ்வளவு அழுத்திப் பிடிச்சிருந்துச்சுன்னா, விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போச்சு. பஸ் ஸ்டாப்புல நின்னவங்க ஒவ்வொருத்தரையாப் பார்த்தான். கடைசியா என்னையப் பார்த்தான்.

"நான் தூக்கலீங்க"ன்னான்.

தமிழ்ல. தெளிவா, நம்ம ஊரு ஆளு மாதிரியே.

நான் போய்க் குழந்தையைத் தூக்கினேன். மண்ணைத் தட்டி விட்டேன். பஸ் வந்துச்சு, பையையும் பக்கெட்டையும் எடுத்துக்கிட்டு ஏறினான். ஜன்னல் வழியாக் கும்பிட்டான். பிஸ்கட் பாக்கெட்டு கீழயே கிடந்துச்சு.

ஜூன் மாசம் உள்ள போனப்ப அவனுக்குத் தமிழ்ல சோறு, தண்ணின்னு ரெண்டு வார்த்தைதான் தெரியும். ஐம்பத்தோரு நாள் உள்ள தமிழாளுங்க கூடத்தான் இருந்திருக்கான். கோர்ட்டுல நான் பேசினப்ப நாற்பத்தி நாலு நாள் ஆகியிருந்துச்சு. அன்னைக்கு எம்மூஞ்சியையே பார்த்துட்டு நின்னானே.

புரிஞ்சுதான்னு கேட்டிருக்கலாம். பஸ் புறப்படறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் நின்னுச்சு.